கோல் காக்கும் பெண்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



"விளையாட்டும் வாலிபரும்" என்ற பொருள்பற்றிப் பொதுப்படப் பேசும்படி செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். பொதுப்படப் பேசுதல் எளிது. விளையாட்டு உடலுக்கு உறுதி, உள்ளத்துக்கு உவகை என்று தொடங்கி அரைமணி நேரத்திலே முடித்துவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடலாம். அத்தகைய பேச்சுகள் பலவற்றை இந்த மண்டபத்திலே நாமும் கேட்டிருக்கின்றோம்; கைதட்டியும் இருக்கின்றோம். இன்று ஒரே ஒரு பெண்ணின் தொழிலைப்பற்றிப் பேச விரும்புகின்றோம். அவர் பெயர் அதிதி சௌகான். இந்தியப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளராக விளங்கி, 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஓய்வு பெற்றவர்.

இதை ஏன் இங்கே பேசவேண்டும் என்று பெரியோர் கேட்கலாம். சங்கத்துத் தங்கைமார் சிலர், தமக்கும் ஒரு பந்தும் மாலையில் ஒரு மணி நேரத் திடலும் வேண்டுமென்று விளையாட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கின்றனர். குழு இன்னும் பதில் எழுதவில்லை. பதில் எழுதாமையும் ஒருவகைப் பதிலே என்பதை நாம் அறிவோம். ஆகவே, பெண்பிள்ளை ஒருத்தி பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டால் அவள் வாழ்வு எப்படியிருக்கும், அதிலே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை உள்ளபடி சபையின்முன் வைப்பது நன்று என்று கருதினோம்.

கோல் காப்பாளரின் வேலையை முதலிற் சற்று விளக்குதல் வேண்டும். பதினொருவர் ஆடும் கட்சியிலே பதின்மர் காலாலும் தலையாலும் நெஞ்சாலும் ஆடுவர். ஒருவருக்கு மாத்திரம் கையைப் பயன்படுத்த உரிமை உண்டு. அதுவும் தண்ட எல்லைக்குள்ளே. இரண்டு கம்பங்களுக்கும் இடைத்தூரம் 24 அடி. குறுக்குக் கம்பத்தின் உயரம் 8 அடி. ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு ஒன்றே. நிற்பவள் பெண் என்பதற்காகக் கம்பத்தை எவரும் நகர்த்தி வைப்பதில்லை. தண்ட உதைக்காகப் பந்து வைக்கப்படும் புள்ளி 12 யார் தூரத்தில் உள்ளது. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் உதைக்கப்பட்ட பந்துக்கு அத்தூரத்தைக் கடக்க அரைச் செக்கனும் வேண்டியதில்லை. கண் கண்டு, மனம் துணிந்து, உடல் பாய்வதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். ஆதலாற் காப்பாளர் பந்தைப் பார்த்துப் பாய்வதில்லை; உதைக்க வருபவரின் இடுப்பையும் ஊன்றிய காலையும் பார்த்து, பந்து புறப்படும் வேளையிலேயே ஒரு பக்கத்தைத் தெரிந்து பாய்கின்றார். தெரிவு பிழைத்தால் அவர் ஒரு பக்கம், பந்து மறுபக்கம். ஊரே சிரிக்கும்.

எங்கள் வயற்காவலை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் பரணிலே விழித்திருந்து தீப்பந்தம் காட்டிக் கூவியவனைப்பற்றி எவரும் பேசுவதில்லை. விடியப்புறம் ஒருகணம் கண்ணயர்ந்தபோது யானை இறங்கிவிட்டால், அந்தப் போகம் முழுவதும் அவன் பெயரே பேச்சு. முன்னணி ஆட்டக்காரர் ஒன்பது தடவை தவறவிட்டுப் பத்தாந் தடவை கோல் போட்டால் தோளிலே தூக்குவார்கள். காப்பாளர் ஒன்பது பந்தைப் பிடித்துப் பத்தாவதை விட்டால், வீட்டுக்கு வரும்வரை பேச்சுக் கேட்கவேண்டும். இன்னுமொன்று: முன்னணியிலே மூவர் நால்வருக்கு இடமுண்டு, கம்பங்களின் நடுவே ஒருத்திக்குத்தான் இடம். இரண்டாவது காப்பாளர் எவ்வளவு திறமைசாலியாயினும் வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டே வருடங்களைக் கழிக்க நேரிடும். இத்தொழிலின் முதற் கடினம் இதுவே.

அதிதி சௌகான் 1992 நவம்பர் 20ஆந் திகதி பிறந்தவர், டெல்லியில் வளர்ந்தவர். சிறுபிராயத்தில் அவர் உதைபந்தாட்டக்காரி அல்லர். கராத்தே பயின்றார், கூடைப்பந்தாட்டம் ஆடினார். பாடசாலைப் பயிற்றுனர் ஒருவர், கைகளால் நன்றாகப் பந்து பிடிக்கின்ற பிள்ளை, உயர்ந்த பந்துக்கு அஞ்சாத பிள்ளை என்று கண்டு, கோல் காப்பாளர் தெரிவுக்குப் போய்ப்பார் என்று அனுப்பினார். டெல்லியின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியிலே இடம் கிடைத்தது. அங்கிருந்து இந்திய அணிவரை சென்றார்.

இந்த இடத்தில் எம் தங்கைமாரை ஒன்று நினைக்கச் சொல்லுவோம். எங்கள் பாடசாலைகளிலே பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆட்டம் வலைப்பந்தாட்டம். கல்முனையிலும் காரைதீவிலும் வலைப்பந்து ஆடாத பெண்கள் பாடசாலையைக் காண்பது அரிது. ஓடிவந்து தாவி, தலைக்குமேலே பந்தைப் பற்றி, நிலைதவறாமற் கால் ஊன்றி நிற்கும் பழக்கம் அப்பிள்ளைகளுக்கு ஏலவே உண்டு. காப்பாளருக்கு வேண்டிய பயிற்சியிற் பாதி அதுவே. கூடைப்பந்திலிருந்து அதிதி கோல் கம்பங்களுக்கிடையே வந்த பாதை எங்கள் பாடசாலை முற்றத்திலும் இருக்கின்றது. அதைப் பாதையென்று எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

பட்டப்படிப்பை டெல்லிச் சர்வகலாசாலையில் முடித்த அதிதி, இங்கிலாந்திலுள்ள லஃப்பரோ சர்வகலாசாலையிலே விளையாட்டு முகாமைத்துவத்தில் முதுமாணிப் படிப்புக்குச் சென்றார். படித்துக்கொண்டே அச்சர்வகலாசாலை அணிக்காக ஆடினார். 2015ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே லண்டனைச் சேர்ந்த வெஸ்ட் ஹாம் யுனைட்டெட் கழகத்தின் பெண்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் லீக் போட்டிகளிலே கழக அணியொன்றுக்காக ஆடிய முதலாவது இந்தியப் பெண் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதின. அவ்வாண்டிலேயே அங்குள்ள ஆசிய உதைபந்தாட்ட விருதுகளில் பெண்களுக்கான விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது.

பெருமையாகச் சொல்வோர் இவ்வளவோடு நிறுத்திவிடுவர். நாம் நிறுத்தப்போவதில்லை. அவர் வெஸ்ட் ஹாமுக்காக முதன்முதலிற் களமிறங்கிய ஆட்டம் 2015 ஓகஸ்ட் 16ஆந் திகதி கொவென்ட்ரி அணிக்கு எதிராக நடந்தது. வெஸ்ட் ஹாம் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றது. ஐந்து தடவை குனிந்து வலைக்குள்ளிருந்து பந்தை எடுக்கும் வேலை முதல்நாளிலேயே வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்களிலே ஒரு பெண்பிள்ளை முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் விட்டால் அவளுக்கு இரண்டாவது ஆட்டம் கிடைக்குமா? ஆண்பிள்ளை ஐந்து விட்டால், "பயிற்சி போதாது, வருகிற கிழமை பார்ப்போம்" என்போம். பெண்பிள்ளை விட்டால், "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்போம். ஐந்து கோலும் ஒன்றே, தீர்ப்புத்தான் இரண்டு. அதிதிக்கு அடுத்த ஆட்டம் கிடைத்தது. 2018 வரை அக்கழகத்தோடு தொடர்பிருந்தது.

அடுத்தது பணம். இதைப் பேசாமல் தொழில் என்று சொல்வது பொய். வெஸ்ட் ஹாம் என்றதும் ஆண்கள் அணியின் கோடிக்கணக்கான பவுண்கள் நினைவுக்கு வரும். பெண்கள் அணி அந்நாளில் மூன்றாம் படியிலுள்ள லீக்கிலே ஆடிக்கொண்டிருந்தது; அதை வைத்துக் குடும்பம் நடத்தக்கூடிய நிலை அங்கே இல்லை. அக்கழகத்தின் பெண்கள் அணிக்கு முதற்படி லீக்கிலே இடங்கிடைத்து, முழுநேரத் தொழில்முறை அணியாக மாறியது 2018ஆம் ஆண்டில். அதிதி தாயகம் திரும்பியதும் அவ்வாண்டிலேயே. கதிர் முற்றும் முன்னே வயலை விட்டுப் போனவர்களின் கணக்கில் அவரும் ஒருவர். குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. முன்னே செல்பவர் பாதை வெட்டுகின்றார்; பின்னே வருபவர் அதில் நடக்கின்றார்; கூலி பெரும்பாலும் நடப்பவருக்கே கிடைக்கின்றது.

"அது வெள்ளைக்காரர் நாடு, அங்கே எதுவும் நடக்கும்" என்று பெரியோர் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கின்றோம். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு வெள்ளைக்காரர் சரித்திரம் சற்று அதிகமாகவே புகட்டப்பட்டது. ஆயினும் இந்தப் பகுதி பாடப்புத்தகத்தில் இருக்கவில்லை. 1920 டிசெம்பர் 26ஆந் திகதி லிவர்பூல் நகரிலே பெண்கள் அணிகள் இரண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஏறக்குறைய 53,000 பேர் கூடினர். அடுத்த ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறி, தன் கழகங்களின் திடல்களிலே பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. அத்தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. ஆக, பெண்பிள்ளைக்குப் பந்தெதற்கு என்ற சொல் எங்கள் மூதாதையர் மாத்திரம் சொன்னதன்று. லண்டன் மாநகரிலும் கோட்டும் தொப்பியும் அணிந்த கனவான்கள் அதைத் தீர்மானமாகவே எழுதிக் கையொப்பமிட்டிருக்கின்றனர். பின்னர் அழித்தும் இருக்கின்றனர்.

இந்தியா திரும்பிய அதிதிக்கு அங்கே ஒரு லீக் காத்திருந்தது. இந்தியப் பெண்கள் லீக் 2017 யனவரியிலேதான் முதன்முதலாக இறுதிச் சுற்றை நடத்தியது, ஆறே அணிகள். ஆரம்ப ஆண்டுகளில் அது சில வாரங்களிலே முடிந்துவிடும் போட்டி. சில வார ஆட்டத்துக்காக ஆண்டு முழுவதும் உடலைப் பேணவேண்டும். 2019ஆம் ஆண்டிலே மதுரையைச் சேர்ந்த சேது கழகம் அந்த லீக்கை வென்றதை நம்மவர் அறிந்திருக்கவேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் பலருக்கு அக்கழகம் ஏணியாக இருந்தது. மறு ஆண்டு பெப்ரவரியில் கோகுலம் கேரளா கழகம் கிண்ணத்தை எடுத்தது. அவ்வணியின் காப்பாளர் அதிதி. 2022இலும் அக்கழகத்தோடு இருந்து மீண்டும் லீக் வென்றார். இடையே 2021இல் ஐஸ்லாந்து நாட்டின் ஹமார் கழகத்துக்காகவும் ஆடிவிட்டு வந்தார். டெல்லி வெயிலிற் பிறந்த ஆட்டம் ஐஸ்லாந்துக் குளிர்வரை போயிருக்கின்றது. இந்திய அணிக்காக ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள். 2016இல் தென்னாசிய விளையாட்டு விழாவில் தங்கம்.

ஆனால் பிழைப்பு? அவருடன் இந்திய அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பக்கத்தவர். தமிழ்நாட்டுப் பொலிஸிலே உப பரிசோதகர். பந்தாட்டம் அவருக்கு உத்தியோகத்தைத் தந்தது. உத்தியோகம் பந்தாட்டத்தைத் தாங்கியது. இந்தியாவிலே பொலிஸும் ரயில்வேயும் வீராங்கனைகளுக்கு வேலை கொடுப்பது பழைய வழக்கம். எங்கள் நாட்டிலும் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் பெண்கள் அணிகளே முன்னணியில் நின்று வந்திருக்கின்றன. அவ்வழி எங்கள் கரையோரத்துப் பிள்ளைக்கு எவ்வளவு திறந்திருக்கின்றது என்பதை இச்சபையிலே விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் அதற்கு விடை உண்டு.

இனி ஒரே ஓர் ஆட்டத்தைப்பற்றிச் சற்று நின்று பேச விரும்புகின்றோம். 2022 யனவரி 20ஆந் திகதி, நவி மும்பை. ஆசியப் பெண்கள் கிண்ணப் போட்டி இந்திய மண்ணிலே தொடங்குகின்றது. இந்தியாவுக்கு எதிரே ஈரான். ஒரு பக்கக் கம்பங்களுக்கிடையே அதிதி சௌகான். மறுபக்கத்திலே தலையை முக்காட்டால் மூடி, கைகால் முழுவதும் மறைத்த உடையோடு சொஹ்ரே கூதாயி. தொண்ணூறு நிமிடமும் இரண்டு பெண்களும் தத்தம் வாசலைக் காத்தனர். இந்திய முன்னணியார் அடித்த பந்துகளைக் கூதாயி மறித்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் பூச்சியத்துக்குப் பூச்சியம் என்று முடிந்தது.

சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் எம்மோடு ஒரே பஸ்ஸில் ஏறிப் படிக்கச் செல்லும் முஸ்லிம் சகோதரிகளுக்கு இந்த ஆட்டத்தின் பொருள் எம்மைவிட நன்றாக விளங்கும். ஏனெனில் அம்முக்காட்டோடு களமிறங்கும் உரிமை எளிதிற் கிடைக்கவில்லை. 2011ஆம் ஆண்டு யூன் மாதம் ஜோர்தானின் அம்மான் நகரிலே ஒலிம்பிக் தகுதியாட்டம் தொடங்கவிருந்த வேளையில், முக்காடு விதிக்கு மாறானது என்று கூறி ஈரானியப் பெண்களை ஆடவிடவில்லை. அழுதுகொண்டு திடலைவிட்டுப் போனார்கள். வீட்டிலே ஒருவர் முக்காடின்றிப் போகாதே என்கிறார். திடலிலே ஒருவர் முக்காட்டோடு வராதே என்கிறார். இருவருக்கும் நடுவே நின்ற பிள்ளைக்குப் பந்தே கிடைக்கவில்லை. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2012இல் தற்காலிகமாக விட்டுக்கொடுத்து, 2014இல் விதியையே திருத்தியது. 2023இல் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா உலகக் கிண்ண ஆட்டத்திலேயே முக்காட்டோடு ஆடினார். கூதாயிக்கு வேறொரு சோதனையும் வந்தது. 2021 செப்டெம்பரில் ஜோர்தானோடு நடந்த ஆட்டத்திலே தண்ட உதைகள் இரண்டைத் தடுத்து ஈரானை ஆசியக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றார். தோற்ற தரப்பினர், அவர் பெண்தானா என்று விசாரிக்கவேண்டுமென எழுதினர். ஆண் ஒருவர் இரண்டு உதையைத் தடுத்தால் வீரன் என்போம். பெண் தடுத்தால் பெண்தானா என்று கேட்போம். இவ்வளவுக்கும் பிறகே அவர் நவி மும்பையில் அந்தக் கம்பங்களுக்கிடையே நின்றார்.

அதிதிக்கு அப்போட்டியில் நடந்தது வேறு வகைத் துயரம். மூன்று நாள் கழித்து, யனவரி 23ஆந் திகதி, சீன தாய்பேயுடன் ஆடவேண்டிய வேளையிலே இந்திய அணிக்குள் கொரோனாத் தொற்றுப் பரவியிருந்தது. விதிப்படி வேண்டிய 13 வீராங்கனைகளைக் களத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கொள்ளப்பட்டது; ஆடிய ஒரே ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. சொந்த மண்ணிலே ஆசியக் கிண்ணம் என்பது ஒருத்தியின் வாழ்நாளில் ஒருமுறை கிடைப்பதே அரிது. கோல் ஒன்றும் விடாது காத்தவர், கணக்கில் ஆடாதவராக வீடு திரும்பினார். இதற்கு யாரை நோவது?

உடம்பின் கணக்கும் ஒன்று உண்டு. அதிதி முழங்காலின் உள்ளிருக்கும் இணைப்பு நார் அறுந்து, மாதக்கணக்கிற் பயின்று மீண்டும் ஆடவந்தவர். பெண் ஆட்டக்காரருக்கு அந்நார் அறுவது ஆண்களைவிட அதிகம் என்று வைத்தியர்கள் சொல்லுகின்றனர். அமெரிக்காவின் பிரயானா ஸ்கரியின் கதையையும் கேளுங்கள். 1999 யூலை 10ஆந் திகதி, கலிபோர்னியாவிலே 90,000 பேருக்கு மேல் கூடியிருந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், சீன வீராங்கனை லியூ யிங்கின் தண்ட உதையைத் தடுத்தவர் அவர். கோட்டைவிட்டு முன்னே வந்து தடுத்தார் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. மத்தியஸ்தர் ஊதவில்லை, கிண்ணம் அமெரிக்காவுக்குப் போயிற்று. ஒலிம்பிக் தங்கம் இரண்டு, 1996இலும் 2004இலும். 2010 ஏப்ரிலில் ஓர் ஆட்டத்திலே பந்தைப் பிடிக்கக் குனிந்தபோது எதிரணி வீராங்கனையின் முழங்கால் அவர் தலையில் மோதியது. அன்றோடு ஆட்டம் முடிந்தது. பல ஆண்டுகள் தலைவலியும் மனச்சோர்வும். வருமானம் இல்லை. அந்த இரண்டு தங்கப் பதக்கங்களையும் அடகு வைத்தார். எங்கள் தாய்மார் போகத்துக்குப் போகம் தாலிக்கொடியை அடகு வைத்து மீட்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் நிலைமை விளங்கும். 2013இலே சத்திரசிகிச்சை செய்து குணமடைந்தார்; பதக்கங்களும் கைக்கு வந்தன. பந்தாட்டம் தொழிலென்றால், அடிபட்ட தொழிலாளிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் கூடவே வருகின்றது. எங்கள் ஆண்பிள்ளைகளின் கழகங்களிலும் கால் முறிந்தவனுக்கு என்ன செய்தோம் என்று கேட்டுப்பாருங்கள்.

துயரக் கதைகளை மாத்திரம் சொல்லி அச்சுறுத்தவில்லை. ஜெர்மனியின் நாடின் அங்கெரர் 2007 உலகக் கிண்ணத்திலே ஆறு ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை; இறுதியாட்டத்தில் பிரேசிலின் மார்த்தா உதைத்த தண்ட உதையையும் பிடித்தார். 2013இல் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவுசெய்யப்பட்டார். கோல் காப்பாளர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. இங்கிலாந்தின் மேரி ஏர்ப்ஸும் அதிதியைப்போல லஃப்பரோவிற் படித்தவர். 2023 உலகக் கிண்ணத்தின்போது அவருடைய காப்பாளர் மேற்சட்டையைக் கடைகளில் விற்பதற்கு நைக்கி நிறுவனம் தயாரிக்கவில்லை. முன்னணி வீராங்கனைகளின் சட்டை இருந்தது. காப்பாளரின் சட்டையை யார் வாங்குவார் என்று நினைத்தார்கள் போலும். இறுதியாட்டத்தில் ஸ்பெயின் வீராங்கனையின் தண்ட உதையை அவர் பிடித்தார். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் சட்டை கேட்டு முறையீட்டிற் கையொப்பமிட்டனர். பின்னர் தயாரித்து விற்பனைக்கு வந்த சட்டைகள் உடனே தீர்ந்துபோயின. கேட்பார் இல்லையென்று வணிகர் சொல்வது பலவேளைகளில் கேட்க இடம் கொடுக்கவில்லை என்பதன் மறுபெயரே.

இப்போது ஊருக்கு வருவோம். சந்தாங்கேணி மைதானத்திலே மாலைவேளைகளிற் பந்து உதைபடும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எங்கள் கரையிலே பந்தாட்டப் பித்து இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. தமிழ்க் குடியானாலும் முஸ்லிம் குடியானாலும் உலகக் கிண்ணம் வந்தால் பிரேசில் கொடியும் ஆர்ஜென்டீனாக் கொடியும் தென்னைமரத்தில் ஏறிவிடும். அந்த இரவுகளில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்று ஆட்டம் பார்க்கும் தங்கைக்கும் விதிகள் எல்லாம் தெரியும். அவளிடம் ஒருநாள் கேட்டுப்பாருங்கள். தண்ட உதை எது, எல்லை மீறல் எது என்று அண்ணனைவிடத் தெளிவாகச் சொல்லுவாள்.

பெரியோரின் ஆட்சேபங்களை நாம் இலேசாக எண்ணவில்லை. வெளியிலே ஓடியாடினால் நாளைக்குக் கலியாணம் பேச வருபவர் என்ன சொல்வார் என்று ஒரு தாய் அஞ்சுகின்றாள். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் இந்தக் கரையோரத்திலிருந்து எத்தனை பெண்கள், தமிழரும் முஸ்லிமும், குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப் பணிக்குப் போயிருக்கின்றனர்! கடல் கடந்து, அறியாத வீட்டிலே, அறியாத மொழியிலே தனியே உழைத்து அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீடுகள் எங்கள் ஒழுங்கைகளிலே வரிசையாக நிற்கின்றன. மருதமுனைத் தறிகளிலும் வயல் நாற்றிலும் பெண்ணின் உழைப்பு இருக்கின்றது. உழைப்பதற்கு ஏழு கடல் தாண்டலாம், விளையாடுவதற்கு ஒழுங்கை தாண்டக்கூடாது என்பது என்ன கணக்கு என்று நாம் பணிவோடு கேட்கின்றோம்.

எங்கள் கூட்டங்களிலே விளையாட்டைப்பற்றிப் பேசும் எவரும், 1897இல் சென்னையிலே சுவாமி விவேகாநந்தர் வாலிபரை நோக்கிச் சொன்னதைச் சொல்லாமல் இருக்கையில் அமர்வதில்லை. கீதையைப் படிப்பதிலும் உதைபந்தாட்டம் அவர்களை விண்ணுலகுக்கு அண்மையிற் கொண்டுசேர்க்கும் என்பது அவர் கருத்து. தசை வலுத்தவனுக்கே கீதை நன்கு விளங்கும் என்பது அதன் உட்கருத்து. அந்த விண்ணுலகுக்குச் செல்லும் வழியிலே ஆண்களுக்கு மாத்திரம் என்று பலகை எழுதியிருப்பதாகச் சுவாமிகள் எங்கும் சொன்னதாக நாம் அறியோம். பலகை எழுதியது நாங்களே. கண்ணகை அம்மன் பெயராலே மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் கொம்பு முறிக்கும் ஊர்கள் எங்களுடையவை. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி கோவலன் பெயரிலும் மறுகட்சி கண்ணகி பெயரிலும் மல்லுக்கு நிற்கும். அங்கேயும் கண்ணகி கட்சிக்காகக் கயிறிழுப்பவர் ஆண்களே. அம்மன் இதைப்பற்றி என்ன நினைக்கின்றாளோ!

ஆகவே குழுவிடம் நாம் கேட்பது பெரிதன்று. உலகக் கிண்ணம் வேண்டாம், இங்கிலாந்து வேண்டாம். சனிக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு மணிவரை திடலின் ஒரு பாதியைத் தங்கைமாருக்கு ஒதுக்கவேண்டும். பந்து மூன்று, காப்பாளர் கையுறை இரண்டு சோடி, ஏனெனில் ஒருத்தி மாத்திரம் பழகினால் அவள் கலியாணமாகிப் போன அன்றே கம்பங்கள் வெறுமையாகிவிடும். வலைப்பந்து கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் உடன் நிற்கச் சம்மதித்திருக்கின்றார். அயல் ஊர்களின் முஸ்லிம் மாதர் சங்கங்களுக்கும் எழுதவேண்டும். வருபவர் எந்த உடையில் வந்தாலும் விதி அதை அனுமதிக்கின்றது என்பதை அக்கடிதத்திலே தெளிவாகக் குறிப்பிடவேண்டும். தாய்மார் வந்து பார்க்க வேப்பமர நிழலிலே வாங்குகள் போடவேண்டும். பார்க்கும் தாய்க்கு அச்சம் குறையும் என்பது எம் நம்பிக்கை. அடிபட்டால் வைத்தியச் செலவுக்கு ஒரு சிறு நிதி. அது ஆண்பிள்ளைகளுக்கும் பொது. செலவுக் கணக்கைத் தாளிலே எழுதியிருக்கின்றோம்; சென்ற ஆண்டு விழாவின் பந்தற் செலவில் நாலில் ஒரு பங்கும் வராது.

அதிதி ஓய்வுபெற்ற அதே 2025 யூலையில், ஐந்தாந் திகதி, தாய்லாந்தின் சியாங் மாய் நகரிலே இந்தியப் பெண்கள் தாய்லாந்தை 2–1 என்று வென்று, தகுதிச் சுற்றில் ஆடியே ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தனர். முன்னர் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. அன்று கம்பங்களுக்கிடையே நின்றவர் மணிப்பூரைச் சேர்ந்த பந்தோய் சானு. அதிதி இப்போது தாம் தொடங்கிய பயிற்சிக் கழகத்தின் மூலம் சிறுமியருக்குப் பந்தாட்டம் கற்பிக்க வழிசெய்கின்றார்.

தீர்மானத்தின் பிரதியைச் செயலாளரிடம் கையளித்திருக்கின்றோம். முன்மொழிபவர் நாமே. வழிமொழிவதற்கு முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தால் நன்று.